கத்தரியைப் பிடித்துக்கொள்ளும் கொள்ளு

பல்லடம் பக்கம் எங்கள் வீட்டில் கொள்ளு வெந்தால் வாசம் தெருமுனை வரைக்கும் போகும். வெந்த தண்ணீரை இறுத்து ரசம் வைத்துவிட்டு, கொள்ளைப் பூண்டு, சீரகம், வரமிளகாயோடு சேர்த்துக் கடைவார்கள். அந்தக் கொள்ளின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் புரதம். அதிலும் எத்தனையோ வகை. எதெது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முழுப் புரதத்தைவிடச் சின்னத் துண்டுகளை அளப்பது எளிது. அதனால் கொள்ளு மாவிலிருந்து புரதத்தைக் கரைத்தெடுத்து, டிரிப்சின் என்ற நொதியைக் கத்தரிக்கோல்போல வைத்து வெட்டுவார்கள். புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி; அதில் லைசின், ஆர்ஜினின் என்ற இரண்டு அமினோ அமிலங்களை அடுத்துத்தான் அது வெட்டும். எங்கே வெட்டும் என்று முன்கூட்டியே தெரிவது பெரிய வசதி.

ஆனால் கொள்ளுக்குள் டிரிப்சினையே பிடித்து முடக்கும் ஒரு குட்டிப் புரதம் இருக்கிறது. பூச்சிகளின் குடலிலும் நம் குடலிலும் டிரிப்சின் வேலை செய்கிறதல்லவா, தின்ன வருபவர்களிடமிருந்து விதை தன்னைக் காத்துக்கொள்ளும் வழி அது. பச்சைக் கொள்ளு லேசில் செரிக்காததற்கு அதுவும் ஒரு காரணம். ஏழு கந்தகப் பிணைப்புகள் அதை இறுக்கிக் கட்டியிருப்பதால் சூட்டுக்கும் சட்டென்று மசியாது. ஆய்வகத்தில் யூரியாவில் ஊறவைத்துப் புரதத்தின் மடிப்பைப் பிரிப்பார்கள். வேதிப்பொருள் சேர்த்துக் கந்தகக் கட்டை அறுத்து, மறுபடி ஒட்டாமல் அடைப்பார்கள். அப்புறம் யூரியாவை நீர்க்கவைத்து டிரிப்சினை விட்டால், தன்னைப் பிடித்து வைக்கக்கூடிய அந்தப் புரதத்தையே அது வெட்டிவிடும். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

துண்டுகளை எல்லாம் ஒரே நேரத்தில் எடை அளக்கும் கருவிக்குள் விட்டால், அதிகமாக இருப்பவை அரிதானவற்றை மூழ்கடித்துவிடும். அதற்குத்தான் குரோமடோகிராபி. தலைமுடி கனத்துக் குழாயில் எண்ணெய்த்தன்மையுள்ள நுண்மணிகளை அடைத்து, துண்டுகளை அதன் வழியே ஓடவிடுவார்கள். தண்ணீரோடு ஒத்துப்போகிறவை முதலில் வெளியேறும். மணிகளில் ஒட்டியவை, அசிட்டோநைட்ரைல் என்ற கரைப்பானைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டக் கூட்ட ஒவ்வொன்றாகக் கழன்று வரும்.

குழாயின் நுனி ஊசியில் உயர் மின்னழுத்தம் கொடுத்தால் திரவம் மின்னேறிய துளிகளாகச் சிதறிக் காயும். துண்டுகள் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்ற அந்த எடைக் கருவிக்குள் பறக்கும். இந்த முறைக்காக ஜான் ஃபென் 2002இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். கருவி ஒரு துண்டைத் தேர்ந்து வாயு மூலக்கூறுகளோடு மோதவிட்டு உடைக்கும். உடைந்தவற்றின் எடை வித்தியாசம் அணு எடை அலகில் 57 என்றால் அங்கே இருந்த அமினோ அமிலம் கிளைசின், 71 என்றால் அலனின். இப்படியே எழுத்துக்கூட்டிப் படிக்கலாம். லியூசினும் ஐசோலியூசினும் மட்டும் ஒரே எடை, 113. எடையை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது.

மானாவாரிக் காட்டில் கொள்ளு எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்றும் இதே வழியில் தேடலாம்: தண்ணீர் ஊற்றிய செடி, காயவிட்ட செடி இரண்டின் இலைப் புரதங்களையும் ஒப்பிட்டால் போதும். சிக்கல் என்னவென்றால், இலையில் கரையும் புரதத்தில் பாதிவரைகூட ருபிஸ்கோ என்ற ஒன்றே நிறைந்திருக்கும். முதலில் அதை விலக்கியாக வேண்டும்.