1812ஆம் ஆண்டை அச்சுக்கு அனுப்பும் முன்

போட்டித் தேர்வு கைடுகளுக்கும் பள்ளித் துணைநூல்களுக்கும் வரலாற்றுப் பக்கங்களைச் சரிபார்த்துக் கொடுப்பது என் வேலை. ஆசிரியர் எழுதி, பக்கம் கட்டி முடித்து, அச்சுக்குப் போகும் முன் கடைசி புரூஃப் என்னிடம் வரும். போன வாரம் வந்த கைடில் உலக வரலாற்றின் முக்கிய ஆண்டுகளைத் தொகுத்திருந்தார்கள். 1812க்கு ஒரு முழுப் பக்கம். நான்காவது வரியில் 'ஆகஸ்ட் 26, பொரோடினோ போர்'. ஏழாவது வரியில் 'செப்டம்பர் 7, பொரோடினோ போர்'. பக்கத்தின் அடியில் கட்டம் போட்டு, கொட்டை எழுத்தில்: 'நெப்போலியனைத் தோற்கடித்தது ரஷ்யக் குளிரே.'

இதே பக்கத்தை வேறு அட்டைகளுக்குள் பலமுறை பார்த்துவிட்டேன். ஒரு கைடிலிருந்து அடுத்த கைடுக்கு, அங்கிருந்து வாட்ஸ்அப் குழுவுக்கு, குழுவிலிருந்து மாதிரித் தேர்வுக்கு என்று அது போய்க்கொண்டே இருக்கிறது. கடைசியில் அதை மனப்பாடம் செய்வது, ஒரு மதிப்பெண்ணில் கட்-ஆஃபைத் தவறவிடக்கூடிய பிள்ளை. அதனால்தான் இம்முறை பதிப்பாளருக்குக் குறிப்பு எழுதியதோடு நிற்காமல் பொதுவிலும் எழுதுகிறேன்.

முதலில் தேதி விஷயம், இது சின்னதுதான். பொரோடினோ, மாஸ்கோ போகும் வழியில் நெப்போலியனின் படையும் ரஷ்யப் படையும் மோதிய இடம். ரஷ்யா 1918 வரை பழைய ஜூலியன் நாட்காட்டியை வைத்திருந்தது. 19ஆம் நூற்றாண்டில் அது கிரிகோரியன் நாட்காட்டிக்கு 12 நாள் பின்னால் ஓடியது. ஆகவே ரஷ்ய ஆவணத்தின் ஆகஸ்ட் 26ம் பிரெஞ்சு ஆவணத்தின் செப்டம்பர் 7ம் ஒரே நாள். 20ஆம் நூற்றாண்டில் இடைவெளி 13 நாளானது. ரஷ்ய அரசே 26உடன் 13ஐக் கூட்டி, பொரோடினோ நினைவு நாளைச் செப்டம்பர் 8 என்று சட்டத்தில் வைத்திருக்கிறது. எனவே இணையத்தில் தேடினால் மூன்று தேதிகள் கிடைக்கும். ரஷ்யா சம்பந்தப்பட்ட பக்கத்தில் எந்த நாட்காட்டி என்று ஒரு வரி போட்டுவிட்டு, பக்கம் முழுக்க அதையே பின்பற்றுங்கள். இரண்டையும் கலக்காதீர்கள்.

சரி, இப்போது குளிருக்கு வருகிறேன்.

நெப்போலியனின் படை நீமன் ஆற்றைக் கடந்து ரஷ்யாவுக்குள் நுழைந்தது 1812 ஜூன் 24 அன்று. அங்கே அது நடுக்கோடை. முதல் சில நாட்கள் கடும் வெயிலும் புழுதியும். அப்புறம் இடியோடு கொட்டிய மழையில் மண் சாலைகள் சேறாகிப் போயின. மாவு ஏற்றிய வண்டிகள் பின்னால் சிக்கிக்கொண்டன. தீவனம் கிடைக்காமல் வயலில் இருந்த விளையாத ரை தானியப் பயிரைத் தின்ற குதிரைகள் வயிறு உப்பி விழுந்தன. வில்னியஸ் நகரை (இன்றைய லித்துவேனியாவின் தலைநகர்) எட்டும் முன்பே ஆயிரக்கணக்கில் செத்துவிட்டன. குதிரை இல்லையென்றால் வண்டி இல்லை, வண்டி இல்லையென்றால் ரொட்டி இல்லை. படைவீரர்கள் குட்டைத் தண்ணீரைக் குடித்தார்கள், ஊர் ஊராகக் கொள்ளையடிக்கப் போனார்கள். பின்வாங்கிக்கொண்டிருந்த ரஷ்யப் படை வழியில் உணவுக் கிடங்குகளை அழித்துவிட்டுப் போயிருந்தது. வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் பரவின. படையை விட்டு ஓடியவர்களும் ஏராளம். இவ்வளவும் ஒரு பெரிய போர்கூட நடப்பதற்கு முன்.

இந்த நஷ்டத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமா? சார்ல் ஜோசஃப் மினார் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் 1869இல் வரைந்த வரைபடம் பல பாடநூல்களில் இருக்கிறது. படை நடந்த பாதையைப் பட்டையாக வரைந்து, ஆட்கள் குறையக் குறையப் பட்டையை ஒல்லியாக்கிக்கொண்டே போவார். நீமனில் 422,000 பேர். மாஸ்கோவில் 100,000 பேர். பக்கவாட்டில் பிரித்தனுப்பிய சுமார் 80,000 பேரைக் கழித்தாலும் போகும் வழியிலேயே படை பாதிக்கு மேல் கரைந்துவிட்டது. திரும்பும் வழியில் 100,000 பேர் 10,000 ஆகிறார்கள். எந்தப் பக்கம் எண்ணிக்கை அதிகம் குறைந்தது என்று நீங்களே கழித்துப் பாருங்கள். வரைபடத்தின் அடியில் ஒரு வெப்பநிலைக் கோடு இருக்கிறதல்லவா, அதை அவர் திரும்பும் பயணத்துக்கு மட்டுமே வரைந்தார். நம் ஆட்கள் அந்தக் கோட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, மேலே உள்ள தடித்த பட்டையை விட்டுவிடுகிறார்கள்.

அந்தக் கோட்டிலும் ஒரு தவறு தொடர்ந்து வருகிறது. டிசம்பர் 6க்கு மினார் குறித்திருக்கும் கழித்தல் 30 டிகிரி, ரியாமூர் அளவுகோலில். செல்சியஸில் அது கழித்தல் 37.5. படத்தைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் 'செல்சியஸ்' என்று நீங்களாகச் சேர்க்காதீர்கள்.

குளிர் யாரையும் கொல்லவில்லை என்று நான் சொல்லவில்லை. நவம்பரிலும் டிசம்பரிலும் விறைத்துச் செத்தவர்கள் ஆயிரமாயிரம் பேர். துரத்தி வந்த குடுசோவின் ரஷ்யப் படையும் அதே குளிரிலும் நோயிலும் பாதிக்கும் கீழே குறைந்துதான் வில்னியஸ் வந்து சேர்ந்தது. என் ஆட்சேபம், குளிரை ஒரே காரணமாக எழுதுவதில்தான்.

இந்த ஒற்றைக் காரணம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். 1812 டிசம்பர் 3 தேதியிட்ட, நெப்போலியன் படையின் 29ஆவது அறிக்கை டிசம்பர் 16 அன்று பாரிசில் வெளியானது. நவம்பர் 6 வரை வானிலை நன்றாக இருந்தது, எல்லாம் வெற்றிகரமாகவே நடந்தது, 7ஆம் தேதியிலிருந்து குளிர் வந்து குதிரைகளைக் கொன்று படையைக் குலைத்தது என்று அது சொன்னது. பேரரசரின் உடல்நலம் இதைவிடச் சிறப்பாக எப்போதும் இருந்ததில்லை என்று முடித்தது. ஜூன் மாதத்துச் சேற்றைப் பற்றியோ, மாஸ்கோவில் செப்டம்பர் 14 முதல் அக்டோபர் 19 வரை ஜார் அலெக்சாந்தரின் சமாதானப் பதிலுக்காகக் காத்திருந்து வீணடித்த ஐந்து வாரத்தைப் பற்றியோ அதில் பேச்சில்லை. தோற்றவர் தன் மக்களுக்கு எழுதிய விளக்கத்தை இருநூறு ஆண்டு கழித்து நாம் கட்டம் போட்டு விடைக்குறிப்பாகக் கொடுக்கிறோம். எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

பெரெசினா ஆற்றைப் பற்றி எழுதுபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். திரும்பிக்கொண்டிருந்த நெப்போலியன் படைக்கு நவம்பர் 26 முதல் 29 வரை அங்கே நேர்ந்த பேரழிவையும் குளிரின் கணக்கில்தான் சேர்க்கிறார்கள். ஆனால் அந்த நாட்களில் குளிர் கொஞ்சம் தணிந்து ஆற்றின் உறைபனி உடைந்திருந்தது. ஆறு இறுகி உறைந்திருந்தால் மேலேயே நடந்து போயிருக்கலாம். பாலம் தேவைப்பட்டதால்தான் ஜெனரல் எப்ளேயின் பொறியாளர் படை பனிக்கட்டிகள் மிதக்கும் தண்ணீரில் மார்பளவு இறங்கி நின்று, ஸ்துதியான்கா என்ற சிற்றூரருகே இரண்டு மரப்பாலங்களைப் போட்டது. அப்படி நின்றவர்களில் மிகப் பலர் அந்தக் குளிர்காலத்தைத் தாண்டவில்லை. ஆற்றின் மறுகரையில் வழிமறிக்க வந்திருந்தது ரஷ்யத் தளபதி சிச்சகோவின் படை. துருக்கியோடு ரஷ்யா அதே ஆண்டு மே மாதம் புக்கரெஸ்டில் சமாதானம் செய்துகொள்ளாமல் இருந்தால் அந்தப் படை தன்யூப் பக்கத்திலேயே இருந்திருக்கும். அந்த உடன்படிக்கை எந்தக் கைடிலும் இல்லை. 1812 பட்டியலில் எதையாவது புதிதாகச் சேர்க்க நினைத்தால் முதலில் இதைச் சேருங்கள்.

நோயைப் பற்றி ஒன்று. வில்னியஸில் 2001இல் கட்டட வேலைக்குத் தோண்டியபோது நெப்போலியன் படையினர் 3,000க்கும் மேற்பட்டவர்களின் எலும்புகள் ஒரே புதைகுழியில் கிடைத்தன. அவர்களில் சிலரின் பற்களை ஆராய்ந்து 2006இல் வந்த ஆய்வு டைஃபஸ், அகழிக் காய்ச்சல் ஆகியவற்றின் கிருமித் தடயங்களைச் சொன்னது. இரண்டும் பேன் மூலம் பரவுபவை. 2025இல் வேறு 13 பேரின் பற்களில் பாராடைஃபாய்டு கிருமியும், பேன் பரப்பும் இன்னொரு காய்ச்சலான மறுகாய்ச்சலின் கிருமியும் கிடைத்தன. அந்தப் பதின்மூன்று பேரிடம் டைஃபஸ் தடயம் இல்லை. ஆகவே நோய் என்றால் டைஃபஸ் மட்டும் என்று எழுதுவதையும் நிறுத்த வேண்டும். 'பல தொற்றுநோய்கள்' என்று போட்டால் போதும்.

அடுத்தது அமெரிக்கா. '1812 போர்' என்று பெயர் இருப்பதால் அந்தப் போரின் எல்லா நிகழ்ச்சிகளையும் 1812க்குள் திணிக்கிறார்கள். அமெரிக்கா பிரிட்டன்மீது போர் அறிவித்தது 1812 ஜூன் 18. வெள்ளை மாளிகையைப் பிரிட்டிஷ் படை கொளுத்தியது 1814 ஆகஸ்ட் 24. போரை முடிக்க இன்றைய பெல்ஜியத்தின் கென்ட் நகரில் உடன்படிக்கை கையெழுத்தானது 1814 டிசம்பர் 24. நியூ ஆர்லியன்ஸ் போர் 1815 ஜனவரி 8, அதாவது உடன்படிக்கைக்குப் பிறகு. செய்தி கடல் தாண்டி வர வாரக்கணக்கானது. அமெரிக்கா சினந்ததற்கு முக்கியக் காரணமான கடல் வணிகத் தடையாணைகளை பிரிட்டன் ஜூன் 23 அன்று விலக்கிக்கொண்டது, போர் அறிவித்து ஐந்தே நாளில். இரண்டு பக்கத்துக்கும் மற்றவர் செய்தது தெரியாது. மாணவர்களுக்கு இதைச் சொல்லுங்கள், தேதிகள் தாமாகவே மனதில் நிற்கும்.

பூகம்பங்களில் புரூஃபில் நான் பார்க்கும் குழப்பம் அமெரிக்காவின் நியூ மாட்ரிட். முதல் பெரிய அதிர்ச்சி 1811 டிசம்பர் 16. மற்ற இரண்டும் 1812 ஜனவரி 23, பிப்ரவரி 7. மூன்றையும் ஒரே ஆண்டில் போடாதீர்கள். கராகாஸ் பூகம்பம் 1812 மார்ச் 26, பெரிய வியாழன். வெனிசுவேலாவில் ஸ்பானிய ஆட்சிக்கு எதிரான எழுச்சி தொடங்கியதும் 1810இன் பெரிய வியாழனன்றுதான். அரசர் பக்கம் நின்ற பாதிரியார்கள் இது கடவுளின் தண்டனை என்றார்கள். ஜூலையில் குடியரசுப் படையின் தலைவர் மிராண்டா சரணடைந்து முதல் குடியரசு விழுந்தது. அதற்குப் பூகம்பம்தான் காரணம் என்று ஒரே வரியில் முடிப்பவர்களும் இருக்கிறார்கள். பண வீக்கமும் உட்பூசலும் பூகம்பத்துக்கு முன்பே அந்தக் குடியரசை அரித்துக்கொண்டிருந்தன.

பிரிட்டிஷ் பிரதமர் ஸ்பென்சர் பெர்சிவல் மே 11 அன்று நாடாளுமன்ற முன்கூடத்தில் சுட்டுக் கொல்லப்பட்டது பெரும்பாலும் சரியாகவே வருகிறது. ஸ்பெயினின் காடிஸ் அரசியலமைப்பு மார்ச் 19. இதிலும் பிழை பார்த்ததில்லை.

நம் பக்கத்து 1812ஐ மறந்துவிடுகிறோம் என்பதுதான் வருத்தம். திருக்குறள் முதன்முதலாக அச்சேறியது அந்த ஆண்டில், சென்னையில், தஞ்சை ஞானப்பிரகாசத்தின் முயற்சியால். ஆங்கிலேய அதிகாரி எல்லிஸ் முன்னின்ற சென்னைக் கோட்டைக் கல்லூரி தொடங்கியதும் 1812இல்தான். தமிழில் அச்சாகும் ஒரு கைடில் பொரோடினோவுக்கு இரண்டு வரி கிடைக்கிறது, இவற்றுக்கு ஒன்றுகூடக் கிடைப்பதில்லை. இங்கும் நாட்காட்டியில் கவனம் வேண்டும். அந்த ஆங்கீரச ஆண்டு 1812 ஏப்ரலில் பிறந்து 1813 ஏப்ரலில் முடிந்தது. பழைய நூல் ஒன்றில் 'ஆங்கீரச, தை' என்று இருந்தால் அது 1813. தமிழ் ஆண்டைப் பார்த்தவுடன் 1812 என்று மாற்றி எழுதிவிடாதீர்கள், மாதத்தையும் பாருங்கள்.

கைடு எழுதுபவர்களுக்குச் சொல்வது இதுதான். இன்னொரு கைடைப் பார்த்து எழுதாதீர்கள். எழுதியே தீர வேண்டிய அவசரம் என்றால், தேதிகளையாவது வேறு இரண்டு இடங்களில் சரிபாருங்கள். ஒன்றிலிருந்து ஒன்று நகலெடுத்த இரண்டு இடங்கள் ஓர் இடம்தான். எண் வந்தால் அலகையும் எழுதுங்கள், படை எண்ணிக்கை வந்தால் யார் கணக்கு என்றும் போடுங்கள். 'காரணம்' என்ற தலைப்பின் கீழ் ஒரே சொல்லை எழுதுகிறீர்கள் என்றால் நிறுத்துங்கள், அதை முதலில் சொன்னவர் யார் என்று தேடிவிட்டு வாருங்கள்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். 'நெப்போலியனின் ரஷ்யப் படையெடுப்பு தோற்றது ஏன்?' என்ற கேள்விக்கு ஒரு பிள்ளை உணவு வழங்கல் முறிந்தது, நோய், மாஸ்கோவில் வீணான காலம், ரஷ்யர்களின் பின்வாங்கும் உத்தி, கடைசியில் குளிர் என்று எழுதினால், விடைக்குறிப்பில் 'குளிர்' மட்டும் இருக்கிறது என்பதற்காக மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள். விடைக்குறிப்பைத் திருத்தித் தாருங்கள் என்று பதிப்பகத்துக்கு ஒரு கடிதம் போடுங்கள். ஆசிரியர்களிடமிருந்து வரும் கடிதத்தை எங்கள் துறையில் எவரும் ஒதுக்கிவைப்பதில்லை. நான் குறிப்பு எழுதினால் அடுத்த பதிப்புக்கு என்பார்கள், நீங்கள் எழுதினால் இந்தப் பதிப்பிலேயே மாறும்.