மில்லிமீட்டர் கணக்கில் வாசிக்கும் கிட்டார்

அமெரிக்க ஃபிடில் கலைஞர் பாப் வில்ஸும் அவருடைய டெக்சஸ் பிளேபாய்ஸ் குழுவும் 1936-ல் பதிவு செய்த 'ஸ்டீல் கிட்டார் ராக்' இசைத்தட்டில் பாட்டு கிடையாது, வாத்தியம் மட்டும்தான். வில்ஸ் தன் வழக்கப்படி உற்சாகமாகக் குரல் கொடுத்து லியானைக் கூப்பிடுகிறார். லியான் மெக்காலிஃபுக்கு அப்போது 19 வயது. கிடையாகக் கிடக்கும் 'ஸ்டீல் கிட்டாரின்' மேல் ஓர் எஃகு உருளையை வழுக்கியபடி அவர் வாசிக்கும்போது, ஒரு ஸ்வரம் எங்கே முடிந்தது, அடுத்தது எங்கே பிறந்தது என்று சொல்வது கஷ்டம். (மெட்டுக்கு மூலம் கென்டக்கியைச் சேர்ந்த கறுப்பினக் கலைஞர் சில்வெஸ்டர் வீவர் 1923-லேயே பதிவு செய்த 'கிட்டார் ராக்'. அதையும் சொல்லிவிட வேண்டும்.)

மெக்காலிஃப் வாசித்தது வெஸ்டர்ன் ஸ்விங். டெக்சஸ், ஒக்லஹோமா நடன அரங்குகளில் கிராமத்து ஃபிடிலும் ஜாஸும் கலந்து பிறந்த ஆட்ட இசை. பிளேபாய்ஸ் குழு டல்சா நகரில், கெய்ன்ஸ் அரங்கிலும் கேவிஓஓ வானொலியிலும் பேர் வாங்கியது. டிரம்ஸ், ஊதுகருவிகள், இரண்டு மூன்று ஃபிடில் எல்லாம் சேர்ந்த சத்தத்துக்கு நடுவே ஒரு கிட்டார் பாடகரைப் போல இழைந்து ஒலிக்கிறது என்றால் அதற்குப் பின்னால் இயற்பியல் நிறையவே வேலை செய்கிறது.

சாதாரண கிட்டாரில் விரலால் அமுக்கினாலும் தந்தியின் நீளத்தைத் தீர்மானிப்பது ஃப்ரெட்தான். வீணையில் மெட்டு என்கிறோமே, அதே வேலை. விரல் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் ஸ்வரம் மாறாது. ஸ்டீல் கிட்டாரில் தந்திகள் பலகையைவிட்டு நன்றாக உயர்ந்து நிற்கும். உருளை அவற்றின் மேல் உட்கார்ந்திருக்கும், பலகையைத் தொடாது. ஃப்ரெட் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடுதான் இருக்கும். உருளை எங்கே நிற்கிறதோ அங்கே தந்தி முடிகிறது. ஹவாயில் 1880-களின் இறுதியில் ஜோசப் கெகுகு என்ற மாணவர் இந்த முறையைக் கண்டுபிடித்ததாகச் சொல்வார்கள். நம் கோட்டுவாத்தியத்திலும் மெட்டு கிடையாது, கட்டையை வழுக்கித்தான் கமகம் பிடிக்கிறார்கள். அதைக் கேட்டுப் பழகிய காதுக்கு ஸ்டீல் கிட்டார் அந்நியமாகத் தெரியாது.

உருளை ஏன் கனமாக இருக்கிறது? அதிரும் தந்தியில் அலை ஓடுகிறது. முனைக்கு வந்த அலை அப்படியே திரும்ப வேண்டுமானால் முனை அசையக் கூடாது. விரலின் சதை அசையும், அலையின் ஆற்றலைக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கும், ஒலி சட்டென்று மங்கிவிடும். மெல்லிய தந்தி ஒன்றின் மொத்த எடையே அரை கிராம் அளவுதான். அதன் மேல் 150, 200 கிராம் எஃகு உட்கார்ந்தால் தந்தியால் அதை அசைக்க முடியாது, அலை முழுசாகத் திரும்புகிறது. ஒரு சிக்கல் உண்டு. உருளைக்கு அந்தப் பக்கம், அதாவது தலைப்பக்கம் உள்ள தந்தியும் சேர்ந்து அதிரும், வேண்டாத ஸ்வரங்களை முனகும். அதனால் வாசிப்பவர் இடது கையின் மற்ற விரல்களை உருளைக்குப் பின்னால் தந்திகளின் மேல் லேசாக இழுத்துக்கொண்டே போவார். காணொளிகளில் அந்த விரல்களைக் கவனியுங்கள். சும்மா தொங்குவதுபோல் தெரியும், ஆனால் பாதி சுத்தம் அங்கேதான் இருக்கிறது.

இப்போது கணக்கு. தந்தியின் நீளம் பாதியானால் அதிர்வெண் இரட்டிப்பாகும், அதே ஸ்வரம் மேல் ஸ்தாயியில் கேட்கும். இடையில் உள்ள 12 அரைச்சுரங்களில் ஒவ்வொன்றுக்கும் நீளம் 5.6 சதவீதம் குறைய வேண்டும். 57 செ.மீ. தந்தியில் முதல் அரைச்சுரத்துக்கு உருளை 3.2 செ.மீ. நகர வேண்டும். 12-ஆவது கோட்டுக்கு மேலே அதே அரைச்சுரத்துக்கு 1.6 செ.மீ. போதும். 24-ஆவது கோட்டில் வெறும் 8 மி.மீ.! அரைச்சுரத்தை நூறாகப் பிரித்தால் ஒரு பங்குக்கு சென்ட் என்று பெயர். உருளை ஒரு மி.மீ. தவறினால் கீழ்க்கோட்டருகே 3 சென்ட் பிசகும், 12-இல் 6 சென்ட், 24-இல் 12 சென்ட். நல்ல காதுக்கு ஐந்தாறு சென்ட்டே உறுத்தும். கோட்டைப் பார்த்து வைத்தால் மட்டும் போதாது, ஏனென்றால் தலையைக் கொஞ்சம் சாய்த்தாலே பார்வையில் கோடு நகர்ந்துவிடும். கண் அருகே கொண்டுபோய் விடும், அப்புறம் காதுதான் திருத்த வேண்டும்.

அந்தத் திருத்தத்துக்கு இருக்கும் பெரிய துணை, உருளையை முன்னும் பின்னும் ஆட்டும் வைப்ராட்டோ. 12-ஆவது கோட்டில் இரு பக்கமும் ஒன்றரை மி.மீ. ஆட்டினால் சுருதி 9 சென்ட் ஏறி இறங்கும். காது அந்த ஏற்ற இறக்கத்தின் நடுவை ஸ்வரமாக எடுத்துக்கொள்கிறது. சின்னப் பிசகு அதில் மறைந்தும் போகும்.

இவ்வளவு இழைத்து வாசிக்க ஸ்வரம் அதுவரை உயிரோடு இருக்க வேண்டுமே? மரக்கிட்டாரில் தந்தியின் ஆற்றலை உடல் வாங்கிக் காற்றுக்குக் கொடுக்கிறது. சத்தம் கேட்பதே அதனால்தான், சீக்கிரம் அடங்குவதும் அதனால்தான். இரண்டையும் ஒன்றாகத் தீர்த்தது மின்சாரம்.

மில்டன் பிரவுனின் மியூசிக்கல் பிரவுனீஸ் குழுவில் வாசித்த பாப் டன் ஒரு சாதாரண மரக்கிட்டாரில் தந்திகளை உயர்த்தி, தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப் மாட்டி, ஆம்ப்ளிஃபயரில் இணைத்தார். 1935 ஜனவரியில் சிகாகோவில் டெக்கா நிறுவனத்துக்காக அந்தக் குழு செய்த பதிவுகள், மின்கிட்டார் கேட்கும் மிகப் பழைய இசைத்தட்டுகளில் அடங்கும். டன் ஊதுகருவிக்காரரைப் போல யோசித்தவர். டிராம்போன் வெடிப்பதுபோலச் சின்னச் சின்னத் துண்டுகளாக வாசிப்பார். எனக்கு மெக்காலிஃபின் வழவழப்பைவிட டன்னின் இந்த முரட்டுத்தனம் இன்னும் பிடிக்கும்.

இதற்கென்றே பிறந்த கருவி அதற்குமுன் 1931-ல் லாஸ் ஏஞ்சலீஸில் மாதிரியாக உருவானது. ஜார்ஜ் போஷாம் வடிவமைப்பு, அடால்ஃப் ரிக்கன்பேக்கர் தயாரிப்பு. வட்ட உடலும் நீண்ட கழுத்துமாக இருந்ததால் 'ஃபிரையிங் பேன்' என்று பேர் ஒட்டிக்கொண்டது. அதில் இரண்டு குதிரை லாட வடிவக் காந்தங்கள் தந்திகளுக்கு மேலே வளைந்து நிற்கும், கீழே மெல்லிய செம்புக் கம்பிச் சுருள். காந்தத்துக்கு அருகே இருக்கும் எஃகுத் தந்தியும் காந்தமாகிறது. அது அதிரும்போது சுருளுக்குள் போகும் காந்தப் புலம் கூடிக் குறைகிறது, சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. தந்தி நொடிக்கு 440 முறை அதிர்ந்தால் மின்னோட்டமும் 440 முறை ஏறி இறங்கும். நைலான் தந்தி போட்டால் பிக்கப்புக்கு எதுவுமே கேட்காது. இந்த ஏற்பாட்டில் பிக்கப் தந்தியிடமிருந்து பிடுங்கும் ஆற்றல் மிகக் குறைவு. விற்பனைக்கு வந்த கருவியின் உடலோ அதிர மறுக்கும் வார்ப்பு அலுமினியம். அதனால் தந்தியின் ஆற்றல் தந்தியிலேயே தங்குகிறது, ஸ்வரம் நீள்கிறது.

அலுமினியம் வேறு விதத்தில் பழிவாங்கியது. மேடை விளக்குச் சூட்டில் 20 டிகிரி ஏறினால் 57 செ.மீ. அலுமினியம் கால் மி.மீ. நீளும். எஃகுத் தந்தி அதில் பாதிதான் நீளும். மிச்ச வித்தியாசம் தந்தியை இழுத்து முறுக்க, சுருதி நழுவிவிடும். 1935-ல் பேக்கலைட் உடல் கொண்ட மாடல் வந்ததும் இந்தத் தொல்லை குறைந்தது.

வாத்தியத்தின் உண்மையான முட்டுக்கட்டைக்கு இப்போதுதான் வருகிறோம். உருளை நேரானது. கிட்டார்காரர் ஒவ்வொரு தந்தியிலும் ஒவ்வொரு இடத்தில் விரல் வைத்து எந்த கார்டையும், அதாவது சேர்ந்து ஒலிக்கும் எந்த ஸ்வரக் கூட்டையும், பிடிக்கலாம். ஸ்டீல்காரருக்குத் தந்திகளுக்கு இடையே உள்ள உறவு சுருதி சேர்க்கும்போதே முடிவாகிவிடுகிறது. உருளையை எங்கே கொண்டுபோனாலும் அதே கார்டு மேலே கீழே போகும், அவ்வளவுதான். ஹவாய்ப் பாட்டுகளுக்கு மேஜர் கார்டு பெரும்பாலும் போதும். ஜாஸ் கலந்த ஸ்விங்குக்குப் போதாது.

ஒரு வழி, சுருதியையே புத்திசாலித்தனமாகச் சேர்ப்பது. சி சிக்ஸ்த் என்ற முறையில் தந்திகள் நம் கணக்கில் ச, க, ப, த, ச, க. சங்கராபரணத்தின் ஸ்வரங்கள்தான். ச, க, ப மூன்றையும் மீட்டினால் மேஜர். பக்கத்தில் உள்ள த, ச, க மூன்றையும் மீட்டினால் மைனர். நான்கையும் சேர்த்தால் ஸ்விங் குழுக்கள் பாட்டு முடிவில் வந்து இறங்கும் சிக்ஸ்த் கார்டு. உருளையை அசைக்காமலே மூன்று! கலிஃபோர்னியாவில் 1940-களில் ஸ்பேட் கூலி குழுவில் வாசித்த வாக்கீன் மர்ஃபியின் வேகமான ஓட்டங்களைக் கேட்டால், ஸ்வரங்கள் பக்கத்துப் பக்கத்துத் தந்திகளில் கிடைப்பதன் சௌகரியம் புரியும்.

ஆனாலும் இதில் நிஷாதம் இல்லை. நிஷாதம் சேர்ந்த செவன்த் கார்டு வேண்டுமானால் உருளையைச் சாய்க்க வேண்டும். ஸ்லாண்ட் என்பார்கள். ஒரு தந்தியில் ஒரு கோட்டிலும், ஒன்று தள்ளி இன்னொரு தந்தியில் அடுத்த கோட்டிலும் படும்படி குறுக்காக வைப்பது. தந்திகளின் இடைவெளி மாறாது, கோடுகளின் இடைவெளியோ மேலே போகப் போகச் சுருங்குகிறது. ஆகவே ஒரே ஸ்லாண்டுக்கு மூன்றாவது கோட்டருகே சுமார் 55 டிகிரி சாய்க்க வேண்டும், 12-ஆவது கோட்டில் 40 டிகிரி போதும். நடனம் ஓடும் வேகத்தில் 200 கிராம் வழுக்குருளையை விரல்நுனியில் திருப்பி, இரண்டு தந்தியிலும் மி.மீ. பிசகாமல் நிறுத்துகிறார்கள். ஸ்டீல் வாசிப்பில் நான் வாய் பிளந்து பார்ப்பது இந்த இடத்தைத்தான்.

சாய்க்கவும் முடியாத கார்டுகளுக்கு வேறு சுருதியில் இன்னொரு கழுத்து, அப்புறம் இன்னொன்று. 1950-களில் ஃபெண்டர் நிறுவனம் நான்கு கழுத்து ஸ்டீல்வரை செய்து விற்றது. பாட்டின் நடுவே கை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும்.

வலது கைக்கும் வித்தை உண்டு. தந்தியை மீட்டிய முதல் கணத்தின் 'டங்' ஒலியை வைத்துத்தான் காது இது மீட்டும் வாத்தியம் என்று அடையாளம் காண்கிறது. ஒலியளவைக் குறைத்து வைத்து மீட்டி, உடனே ஏற்றினால் அந்த 'டங்' காணாமல் போய் ஃபிடில்போலக் கேட்கும். சிலர் சுண்டுவிரலால் குமிழைத் திருகுவார்கள், சிலர் காலால் வால்யூம் பெடலை மிதிப்பார்கள். டோன் குமிழைத் திருகினால் ஒரு கப்பாசிட்டர் மேல் அதிர்வெண்களை வடித்துவிடும். மீட்டிய கையோடு அதை மூடித் திறந்தால், டிரம்பெட் வாயைக் கையால் மூடித் திறப்பதுபோல 'வா-வா' என்று பேசும்.

1954-ல் கன்ட்ரி பாடகர் வெப் பியர்ஸ் பாடி ஹிட்டான ஒரு பாட்டில் பட் ஐசக்ஸ் பெடல் ஸ்டீல் வாசித்தார். காலால் மிதித்தால் ஒன்றிரண்டு தந்திகள் மட்டும் இறுகி ஸ்வரம் ஏறும், மற்றவை அப்படியே ஒலித்துக்கொண்டிருக்கும். அந்த ஒலிக்காக, கன்ட்ரி இசையின் மையமான நாஷ்வில்லில் பலர் தங்கள் ஸ்டீல்களைப் பிரித்துப் பெடல் மாட்டத் தொடங்கினார்கள். உருளையைச் சாய்க்க வேண்டிய அவசியமும் அதோடு பெரும்பாலும் போய்விட்டது.