சொல்லிவிட்டால் சரிசெய்யலாம்: கல்லூரி வேதியியலில் கால் வைப்பவர்களுக்கு

கல்லூரியில் முதல் வேதியியல் பாடம் தொடங்கும் வாரத்தில் மாணவர் கையில் ஒரு விதிமுறைத் தாள் வந்து சேரும். வருகை, ஆய்வக உடை, அறிக்கை தாமதமானால் எவ்வளவு மதிப்பெண் குறையும், எதைச் சேர்ந்து செய்யலாம், எதைத் தனியாகச் செய்ய வேண்டும் என்று சில பக்கங்கள் இருக்கும். பலரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு அதோடு மறந்துவிடுகிறார்கள். முதலாண்டு வகுப்பையும் ஆய்வகத்தையும் நீண்ட காலமாக நடத்தி வரும் ஆசிரியை நான். அந்தத் தாளில் உள்ள விதிகளில் பெரும்பாலானவை மாணவரிடம் கேட்பது ஒன்றைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது: நடந்ததை மறைக்காமல் நேரத்தோடு சொல்லுங்கள். கொட்டிய அமிலம், ஒத்துவராத அளவீடு, புரியாத மடக்கை, உடம்பில் உள்ள சிக்கல், எதுவாக இருந்தாலும் அன்றைக்கே சொன்னால் சரிசெய்ய வழி இருக்கிறது. சொல்லாமல் வைத்தவைதான் பருவத்தின் கடைசியில் பெரிதாகி வந்து நிற்கின்றன.

முதலில் ஆய்வகம். அங்கே மாணவர்களுக்கு அதிக எரிச்சல் தருவது கண்ணாடி விதி. "நான்தான் மூக்குக்கண்ணாடி போட்டிருக்கிறேனே", "என் சோதனை முடிந்துவிட்டதே" என்பார்கள். மூக்குக்கண்ணாடிக்குப் பக்கவாட்டில் தடுப்பு கிடையாது. தெறிக்கும் துளி அந்த வழியாகத்தான் உள்ளே போகும். உங்கள் சோதனை முடிந்திருக்கலாம், பக்கத்து மேசையில் சோதனைக்குழாய் இன்னும் சூடாகிக்கொண்டிருக்கும். அதனால்தான் அறையைவிட்டு வெளியே வரும்வரை பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றக் கூடாது என்கிறோம்.

அமிலத்துக்குப் பயப்படும் மாணவர்கள் காரத்தைச் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள். கண்ணைப் பொறுத்தவரை காரம்தான் கூடுதல் ஆபத்து. பெரும்பாலான அமிலங்கள் பட்ட இடத்தில் புரதத்தை உறையவைக்கும். அந்த உறைந்த அடுக்கே அமிலம் மேலும் ஆழமாகப் போவதை ஓரளவு தடுக்கும். சோடியம் ஹைட்ராக்சைடு போன்ற காரமோ செல்லுறையில் உள்ள கொழுப்பைக் கரைத்துக்கொண்டு உள்ளே போய்க்கொண்டே இருக்கும். ஆரம்பத்தில் வலி குறைவாக இருக்கலாம், சேதம் குறைவாக இருக்காது. ஒரு துளி பட்டாலும் உடனே குரல் கொடுத்துவிட்டு, கண்ணைக் கழுவும் குழாயில் குறைந்தது 15 நிமிடம் கழுவ வேண்டும். நடுவில் நிறுத்தி "இப்போது பரவாயில்லை" என்று சொல்லக் கூடாது. கழுவிக்கொண்டிருக்கும்போதே அடுத்த உதவிக்கு ஏற்பாடு செய்வது எங்கள் வேலை. திட்டு விழுமோ என்ற பயத்தில் சத்தமில்லாமல் கைக்குட்டையால் துடைத்துக்கொள்ளும் மாணவரை நினைத்துத்தான் எனக்குக் கவலை. கொட்டியதற்காகவோ உடைத்ததற்காகவோ யாரும் உங்கள் மதிப்பெண்ணில் கை வைக்கக் கூடாது. அப்படி நடந்தால் அடுத்த முறை யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

ஆய்வக அங்கிக்கு வருவோம். 2008 டிசம்பர் 29 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வகத்தில் ஷெரி சங்ஜி என்ற 23 வயது ஆராய்ச்சி உதவியாளர் டெர்ட்-பியூட்டைல் லித்தியத்தை ஊசிக்குழலில் எடுத்துக்கொண்டிருந்தார். காற்று பட்டாலே தீப்பிடிக்கும் பொருள் அது. ஊசிக்குழலின் தண்டு கழன்று வந்து, திரவம் தெறித்துத் தீப்பிடித்தது. அவர் அங்கி அணிந்திருக்கவில்லை; செயற்கை இழையால் ஆன மேல்சட்டையில் தீ பரவியது. 18 நாட்கள் கழித்து இறந்துபோனார். முதலாண்டு ஆய்வகத்தில் அப்படிப்பட்ட பொருளை யாரும் உங்கள் கையில் கொடுக்கப் போவதில்லை. ஆனால் பன்சன் சுடரும் எத்தனாலும் இருக்கும். செயற்கை இழை எரியும்போது உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். பருத்தி அங்கி அப்படி உருகி ஒட்டாது, தீப்பிடித்தால் கழற்றி எறியலாம். பொத்தானுக்குப் பதிலாக அழுத்துப் பித்தான் வைத்த அங்கி கிடைத்தால் இன்னும் நல்லது.

கையுறை அணிந்தால் எதையும் தொடலாம் என்ற நினைப்பும் தவறு. அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரிப் பேராசிரியர் கேரன் வெட்டர்ஹான் 1996 ஆகஸ்டில் டைமெத்தில் மெர்க்குரி என்ற கொடிய பாதரசச் சேர்மத்தைக் கையாண்டபோது சில துளிகள் அவருடைய லேடெக்ஸ் (ரப்பர்) கையுறை மேல் விழுந்தன. அந்தப் பொருள் லேடெக்ஸைச் சில நொடிகளில் கடந்துவிடும் என்பது அந்த விபத்துக்குப் பிறகு செய்யப்பட்ட சோதனையில்தான் தெளிவானது. 1997 ஜூனில் பாதரச நச்சால் இறந்தார். நச்சு உலோகங்களைப் பற்றியே ஆராய்ந்தவர், விதிப்படி கையுறையும் அணிந்திருந்தவர். எந்தப் பொருளுக்கு எந்தக் கையுறை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கையுறையோடு அலைபேசியையும் கதவுப் பிடியையும் தொடாதீர்கள். உங்களுக்குப் பின்னால் அதே பிடியை வெறுங்கையோடு ஒருவர் தொடுவார்.

சேரும் வாரத்திலேயே தனியாக வந்து சொல்ல வேண்டிய விஷயங்களும் உண்டு. ஆஸ்துமா, வலிப்பு, லேடெக்ஸ் ஒவ்வாமை, கர்ப்பம். இவற்றை ஏன் கேட்கிறோம் என்றால், அதற்கேற்ப வேறு கரைப்பானையோ வேறு இடத்தையோ வேறு வேலையையோ மாற்றிக் கொடுக்க முடியும் என்பதால்தான். பலருக்கும் தோன்றாத இன்னொன்று நிறக்குருடு. டைட்ரேஷன் என்பது ஒரு கரைசலில் இன்னொன்றைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து அதன் செறிவைக் கண்டுபிடிக்கும் சோதனை; எப்போது நிறுத்துவது என்பதை நிறங்காட்டியின் நிறமாற்றம் சொல்லும். மெத்தில் ஆரஞ்சு என்ற நிறங்காட்டி சிவப்பிலிருந்து மஞ்சளுக்கு மாறும். பினாப்தலீன் நிறமற்ற நிலையிலிருந்து வெளிர் இளஞ்சிவப்புக்கு மாறும். சிவப்பு-பச்சைக் குறைபாடு உள்ளவருக்கு இந்த மாற்றங்கள் பிடிபடுவது கடினம். சொன்னால் அமிலத்தன்மையை எண்ணாகக் காட்டும் பிஹெச் மீட்டரை வைத்து அதே டைட்ரேஷனைச் செய்யலாம், மதிப்பெண் குறையாது. சொல்லாதவர்கள் பக்கத்தில் இருப்பவரின் குடுவையைப் பார்த்து ஒவ்வொரு முறையும் ஊகித்துக்கொண்டிருப்பார்கள். பார்க்கவே மனசு கஷ்டப்படும்.

முன்தயாரிப்பு எழுதாமல் வருபவரை ஏன் உள்ளே விடுவதில்லை என்று கோபப்படுவார்கள். செய்முறையை அங்கேயே நின்று வரி வரியாகப் படிப்பவருக்கு அடுத்த படியில் என்ன வரும் என்று தெரியாது. அமிலத்தில் தண்ணீர் ஊற்றுவது அப்படித்தான் நடக்கிறது. அடர் கந்தக அமிலத்தின் அடர்த்தி ஏறக்குறைய 1.84 (தண்ணீருக்கு 1), அதன்மேல் ஊற்றும் தண்ணீர் மேலாகவே நிற்கும். கலக்கும் இடத்தில் எழும் வெப்பத்தில் அந்தத் தண்ணீர் கொதித்து, அமிலத்தையும் அள்ளிக்கொண்டு முகத்தை நோக்கித் தெறிக்கும். தண்ணீரில் அமிலத்தை மெல்ல ஊற்றிக் கலக்கினால் வெப்பம் மொத்த நீருக்கும் பரவிவிடும். முந்தின நாள் பத்து நிமிடம் படித்திருந்தால் இது மனதில் நிற்கும்.

கழிவுக் குப்பிகளைப் பற்றிச் சுருக்கமாக: மீந்த வேதிப்பொருளைத் திரும்ப மூலக் குப்பியில் ஊற்றாதீர்கள், லேபிளைப் பார்க்காமல் எந்தக் கழிவுக் குப்பியிலும் ஊற்றாதீர்கள். நைட்ரிக் அமிலக் கழிவோடு எத்தனாலோ அசிட்டோனோ சேர்ந்து குப்பியும் மூடப்பட்டால், வாயு உருவாகிச் சில மணி நேரம் கழித்துக்கூட வெடிக்கலாம். அப்போது நீங்கள் அங்கே இருக்க மாட்டீர்கள். துப்புரவுப் பணியாளர் இருப்பார். தவறாக ஊற்றிவிட்டால் அந்த நிமிடமே சொல்லுங்கள்.

இனி அளவீடுகள். இதில்தான் நல்ல மாணவர்களும் சறுக்குகிறார்கள். டைட்ரேஷனில் 21.40, 21.95, 21.45 மில்லிலிட்டர் என்று மூன்று அளவுகள் வருகின்றன. நடுவில் இருப்பது ஒத்துவரவில்லை. உடனே ரப்பரை எடுத்து அழித்து 21.40 ஆக்கிவிடுவது சிலருக்கு அனிச்சையாகவே நடக்கும். அதற்காகத்தான் ஆய்வக நோட்டில் பேனாவால்தான் எழுத வேண்டும், தவறினால் ஒரே கோடு போட்டு அடிக்க வேண்டும், அடித்தது படிக்கும்படி இருக்க வேண்டும், துண்டுத் தாளில் குறித்துப் பிறகு பார்த்து எழுதக் கூடாது என்றெல்லாம் விதி. 21.95 என்பதை அப்படியே வைத்து, பக்கத்தில் "முடிவுநிலையைத் தாண்டிவிட்டது, கரைசல் அடர் இளஞ்சிவப்பு" என்று எழுதி, நான்காவது முறை செய்தவருக்கு நான் முழு மதிப்பெண் தருவேன். அவர் என்ன நடந்தது என்று பார்த்திருக்கிறார். மூன்றும் 21.40 என்று எழுதியவரை என்னால் எளிதில் கண்டுபிடிக்கவும் முடியும். கரைசலைச் சொட்டவிடும் 50 மில்லிலிட்டர் அளவுக்குழாயான பியூரெட்டில் கோடுகள் 0.1 இடைவெளியில் இருக்கும்; அடுத்த இலக்கத்தைக் கண்ணால் மதிப்பிட வேண்டும். மதிப்பிட்ட இலக்கம் மூன்று முறையும் அச்சு மாறாமல் வருவது அரிது. போதாததற்கு அறை முழுக்க ஒரே குப்பியின் கரைசலைத்தான் பயன்படுத்துகிறது, மற்றவர்களின் எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

முதல் பருவத்திலேயே எண்ணைத் திருத்திப் பழகியவர் பின்னால் ஒரு மருந்துப் பரிசோதனைக் கூடத்திலோ குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்திலோ உட்காரும்போது என்ன செய்வார் என்ற கேள்வி எனக்கு உண்டு. அவருடைய எண்ணை நம்பி யாரோ ஒருவர் மாத்திரை விழுங்குவார்.

வகுப்புக்கு வருவோம். வேதியியலில் பாடங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக நிற்பவை. மோல் (பொருளின் அளவைத் துகள்களின் எண்ணிக்கையாகச் சொல்லும் அலகு) புரியாவிட்டால் சமன்பாட்டுக் கணக்கு வராது, அது வராவிட்டால் எந்த வினைபடுபொருள் முதலில் தீரும் என்று சொல்ல முடியாது, பிறகு வாயு, கரைசல், சமநிலை எதிலும் கை ஓடாது. இரண்டாவது வாரத்தில் தவறவிட்ட ஒரு வகுப்பு எட்டாவது வாரத்தில் தலைதூக்கும். அந்த நேரத்தில் மாணவர் "சமநிலை புரியவில்லை" என்று வருவார். கிளறிப் பார்த்தால் சிக்கல் மோலில் இருக்கும். ஒரு மணி நேர வகுப்புக்கு வெளியே இரண்டு மணி நேரம் வேலை செய்யுங்கள் என்று பல கல்லூரிகளில் சொல்வது இதனால்தான். அந்த இரண்டு மணி நேரத்தில் தீர்த்து வைத்த கணக்குகளைப் படித்துக்கொண்டிருந்தால் எல்லாம் புரிந்த மாதிரியே இருக்கும். விடையை மூடி வைத்துவிட்டு வெற்றுத் தாளில் போட்டுப் பார்த்தால்தான் எங்கே நிற்கிறோம் என்று தெரியும்.

கணக்கில் அலகை எழுதச் சொல்வதும் அழகுக்காக இல்லை. 4.0 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடைக் கரைத்து 500 மில்லிலிட்டர் கரைசல் தயாரித்தால் அதன் மோலாரிட்டி, அதாவது ஒரு லிட்டர் கரைசலில் உள்ள மோல், என்ன? மோல் நிறை 40 கிராம், ஆக 0.10 மோல், 0.500 லிட்டரால் வகுத்தால் 0.20 மோலார். அலகு எழுதாதவர் 0.10 ஐ 500 ஆல் வகுத்து 0.0002 என்று எழுதிவிட்டு நிம்மதியாக அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். அலகு எழுதியிருந்தால் மில்லிலிட்டர் அங்கேயே கண்ணில் பட்டிருக்கும். அப்புறம், 500 மில்லிலிட்டர் தண்ணீரில் கரைப்பதும் கரைத்து 500 மில்லிலிட்டர் ஆக்குவதும் ஒன்றில்லை. அளவுக்குடுவையில் கோடுவரை நிரப்பிப் பார்த்தவருக்கு இது மறக்காது.

மடக்கையும் பத்தின் அடுக்குகளும் பள்ளியோடு போய்விட்டன என்று நினைத்து வருபவர்கள் முதல் வாரத்திலேயே அவற்றைத் தூசி தட்டுங்கள். ஹைட்ரஜன் அயனிச் செறிவு 2.5 × 10⁻⁴ மோலார் என்றால் பிஹெச் 3.60. கால்குலேட்டர் 4.4 என்று காட்டினால் அதை நம்பக் கூடாது; 10⁻³ க்கும் 10⁻⁴ க்கும் இடையிலான செறிவுக்கு விடை 3 க்கும் 4 க்கும் இடையில்தான் வர முடியும். இந்தச் சரிபார்ப்பு ஒருவரின் மனதுக்குள் ஓடுகிறதா என்பதைத்தான் தேர்வில் பார்க்கிறோம். படிகளை எழுதச் சொல்வதும் அதற்கே. விடை தவறினாலும் வழி சரியாக இருந்தால் மதிப்பெண் தர எங்களுக்கு ஏதாவது கண்ணில் பட வேண்டும்.

சேர்ந்து படிப்பதைப் பற்றி நிறையக் குழப்பம் இருக்கிறது. பொதுவாக எல்லை இதுதான்: இணையாகச் செய்த சோதனையின் அளவீடுகள் இருவருக்கும் பொது, கணக்கீடும் விளக்கமும் அவரவர் எழுத்து. நண்பரோடு கரும்பலகையில் கணக்குப் போடுவது நல்ல பழக்கம், அவருடைய அறிக்கைக் கோப்பை வாங்கிச் சொற்களை மாற்றுவது திருட்டு. செயற்கை நுண்ணறிவுச் செயலிகளுக்கும் இதே அளவுகோலை வைக்கலாம் என்பது என் கருத்து. புரியாத இடத்தை விளக்கச் சொல்லுங்கள், தவறில்லை. ஆனால் அது தவறான சமன்பாட்டையும் அதே உறுதியான தொனியில் தரும், அணுக்களை நீங்களே எண்ணிப் பார்க்க வேண்டும். ஆய்வக அறிக்கையை அதனிடம் எழுதச் சொல்லாதீர்கள். உங்கள் கரைசல் ஏன் கலங்கியது என்று அதற்குத் தெரியாது. உங்கள் வகுப்பில் விதி இதைவிடக் கடுமையாக இருந்தால் அதுதான் செல்லும். எழுதுவதற்கு முன் கேட்டுவிடுங்கள்.

தவறிய ஆய்வக வகுப்பை வேறொரு நாளில் செய்ய முடியாதா என்று கேட்பார்கள். பெரும்பாலும் முடியாது. கரைசல்கள் அந்த வாரத்துக்கென்று தயாரிக்கப்படுகின்றன, மேற்பார்வை இல்லாமல் யாரையும் தனியாக ஆய்வகத்தில் விடவும் முடியாது. காய்ச்சலோ குடும்பத்தில் துயரமோ என்றால் அன்றைக்கே ஒரு வரி எழுதி அனுப்புங்கள். அதே வாரத்தில் வேறு பிரிவில் இடம் இருந்தால் சேர்த்துவிடலாம். மூன்று வாரம் கழித்துச் சான்றிதழோடு வந்தால் எனக்கு மனம் இருந்தாலும் செய்ய ஒன்றும் இருக்காது.

இறுதித் தேர்வுக்கு முந்தின வாரம் என் அறை வாசலில் வரிசை நிற்கும். தேர்ச்சி பெற ஏதாவது கூடுதல் வேலை கொடுங்கள் என்று கேட்பார்கள். ஒருவருக்கு மட்டும் அப்படிக் கொடுத்தால் மற்றவர்களுக்கு அது அநியாயம் என்பதால் மறுக்க வேண்டியிருக்கிறது. அதே அறை மூன்றாவது, நான்காவது வாரங்களில் காலியாகக் கிடக்கும். அப்போது வாருங்கள். முதல் சிறுதேர்வில் மதிப்பெண் குறைந்த மறுநாளே வாருங்கள். "எதுவுமே புரியவில்லை" என்று சொல்லத் தயங்க வேண்டாம், நான் அங்கிருந்தும் தொடங்குவேன். முடிந்தால் நீங்கள் முயன்ற கணக்கை, அடித்தல் திருத்தலோடு அப்படியே எடுத்து வாருங்கள். எந்த வரியில் நின்றீர்களோ அந்த வரியிலிருந்து சேர்ந்தே போட்டுப் பார்க்கலாம்.