சூப்பர்சார்ஜர் போட்ட பிக்கப் நின்ற இடத்தில் உதறுகிறதா? ஆர்பிஎம்மை ஏற்றி மறைக்காதீர்கள்

"சூப்பர்சார்ஜர் போட்டால் வண்டி கொஞ்சம் உதறத்தான் செய்யும்" என்று சொல்லி வாடிக்கையாளரை அனுப்பிவிடும் பட்டறைகள் கோலாலம்பூரில் இருக்கின்றன. இதை நான் ஒருபோதும் ஏற்றதில்லை. சூப்பர்சார்ஜர் என்பது இன்ஜினின் சுழற்சியாலேயே ஓடி, அதற்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி. டொயோட்டா 2008இல் ஆஸ்திரேலியாவில் விற்ற டிஆர்டி ஹைலக்ஸ் பிக்கப்பில் 4.0 லிட்டர் வி6 இன்ஜினும் சூப்பர்சார்ஜரும் சேர்ந்தே வந்தன. சிக்னலில் நின்று உதறும் வண்டியை எந்த நிறுவனமும் ஷோரூமில் வைக்காது. உதறல் சூப்பர்சார்ஜரின் சுபாவம் அல்ல, பொருத்தியதிலோ டியூன் செய்ததிலோ, அதாவது இன்ஜின் கணினியின் கணக்குகளைத் திருத்தியதிலோ, உள்ள கோளாறு.

நம் நாட்டில் பிக்கப் என்றாலே பெரும்பாலும் டீசல் டர்போதான். பெட்ரோல் இன்ஜின் பிக்கப்பில் வாங்கிய பிறகு சூப்பர்சார்ஜர் சேர்த்தவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

செந்தூலில் உள்ள என் பட்டறைக்கு வரும் இத்தகைய வண்டிகளில் அடிக்கடி ஒன்றைப் பார்க்கிறேன். வண்டி நிற்கும்போது 700 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 700 சுற்று) ஓட வேண்டிய இன்ஜினை 1,000க்கு மேல் ஏற்றிவைத்திருப்பார்கள். உதறல் குறைந்தது போலத் தெரியும். ஆனால் டி கியரில் போடும்போது வண்டி முன்னால் இடித்துக்கொண்டு பாயும். ஜாலான் கூச்சிங் நெரிசலில் பிரேக்கை அழுத்திப் பிடித்தபடியே நகர வேண்டியிருக்கும். கோளாறு அப்படியே உள்ளே இருக்கும்.

ஐட்லிங்கில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் சும்மா ஓடும்போது, அது இழுக்கும் காற்று மிகக் குறைவு. அதனால் சிறிய கசிவும் அங்கே பெரிய பங்காகிவிடும். இன்ஜினின் மேலேயே உட்காரும் சூப்பர்சார்ஜர் கிட்டுகளில் பெரும்பாலும் திராட்டில் (காற்றை அனுமதிக்கும் கதவு), சூப்பர்சார்ஜருக்கு முன்னால் இருக்கும். ஆகவே ஐட்லிங்கில் சூப்பர்சார்ஜரின் உடல், அதன் கீழே காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்தனுப்பும் மேனிஃபோல்ட், புதிதாகப் போட்ட ஒவ்வொரு கேஸ்கெட், ஒவ்வொரு குழாய் எல்லாமே வெற்றிடத்தில் இருக்கின்றன. முன்பு இல்லாத இணைப்புகள் பல சேர்ந்திருக்கின்றன. அவற்றில் எது கசிந்தாலும் அளவிடப்படாத காற்று உள்ளே போகும்.

எனவே டியூனைத் தொடும் முன் ஸ்கேனரில் ஃபியூவல் டிரிம்மைப் பாருங்கள். கணினி தானாகப் பெட்ரோலைக் கூட்டியோ குறைத்தோ செய்யும் திருத்தம் அது. காற்றளவு சென்சார் உள்ள இன்ஜினில், ஐட்லிங்கில் திருத்தம் கூட்டலில் 15, 18 விழுக்காடு என்று நின்று, 2,500 ஆர்பிஎம்மில் 3, 4க்கு இறங்கினால், சென்சாருக்குப் பின்னால் எங்கோ காற்று கசிகிறது. இதற்கு நேர்மாறாக, ஐட்லிங்கில் சரியாக இருந்து சுமை ஏற ஏறத் திருத்தமும் ஏறினால், பெட்ரோல் போதவில்லை. பம்ப், ஃபில்டர், இன்ஜெக்டர் மூன்றையும் சோதிக்கும்வரை அந்த வண்டியை அழுத்தி ஓட்டவே கூடாது. பூஸ்ட்டில், அதாவது சூப்பர்சார்ஜர் காற்றை அழுத்தித் தள்ளும்போது, பெட்ரோல் குறைந்தால் பிஸ்டன் உருகிவிடக்கூடும்.

ஐட்லிங்கில் திருத்தம் இப்படிக் கூட்டலில் எகிறி நின்ற ஒரு பிக்கப்பில் புகைச் சோதனை செய்தோம்: காற்றுப் பாதைக்குள் புகையைச் செலுத்தி, எங்கே வெளியே வருகிறது என்று பார்ப்பது. மேனிஃபோல்டின் பின்புறம், இன்ஜினையும் கேபினையும் பிரிக்கும் தீச்சுவரை ஒட்டிய இடத்தில், பயன்படுத்தாத ஒரு சிறு குழாய் முனையிலிருந்து மெல்லிய புகை வந்தது. அதை மூடியிருந்த சுண்டுவிரல் நுனியளவு ரப்பர் மூடி சூட்டில் வறண்டு நீளவாக்கில் வெடித்திருந்தது. புது மூடியும் ஒரு கிளிப்பும் போட்டதும் ஆர்பிஎம் 720இல் அசையாமல் நின்றது. அதற்கு முன் அந்த உரிமையாளர் இரண்டு முறை டியூனுக்குப் பணம் கட்டியிருந்தார்.

அடுத்து பைபாஸ் வால்வு. ஐட்லிங்கில் அது திறந்திருந்து காற்றைச் சுற்றிவிட வேண்டும். பானட்டைத் திறந்து நீங்களே பார்க்கலாம்: இன்ஜின் ஸ்டார்ட் ஆனதும், அந்த வால்வை அசைக்கும் ஆக்சுவேட்டரின் தண்டு உள்ளே இழுக்கப்பட வேண்டும், திராட்டிலைச் சட்டென்று முறுக்கினால் வெளியே வர வேண்டும். அசையவில்லை என்றால் வேக்குவம் குழாய் தவறான இடத்தில் மாட்டப்பட்டிருக்கலாம், அல்லது ஆக்சுவேட்டருக்குள் உள்ள டயஃப்ரம் (ரப்பர் சவ்வு) கிழிந்திருக்கலாம்.

கசிவே இல்லை என்று உறுதியான பிறகுதான் டியூன். அங்கே நான் முதலில் கேட்பது பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் பற்றி. பெரிய இன்ஜெக்டர் போட்டால், மின்சாரம் வந்த பிறகு அது திறக்க எடுக்கும் நேரமும் மாறும். ஐட்லிங்கில் இன்ஜெக்டர் ஏறக்குறைய 2 மில்லிசெகண்டுதான் திறந்திருக்கிறது என்று வையுங்கள். அந்த நேரக் கணக்கில் 0.3 மில்லிசெகண்டு பிழை இருந்தால் 15 விழுக்காடு தவறு. முழு வேகத்தில் 15 மில்லிசெகண்டு திறக்கும்போது அதே பிழை வெறும் 2 விழுக்காடு. டைனோவில் (சக்தியை அளக்கும் இயந்திரத்தில்) சக்தி அருமையாக வரும், சிக்னலில் வண்டி நடுங்கும் என்பதற்குக் காரணம் இதுதான். இந்தத் திறப்பு நேரம் மின்னழுத்தத்தைப் பொறுத்தும் மாறும். மதிய வெயிலில் ஏர்கானும் ஃபேனும் முழுதாக ஓட, ஆல்டர்னேட்டர் தள்ளாடினால், காலையில் நன்றாக நின்ற வண்டி மதியம் உதறும். இன்ஜெக்டரோடு அதன் திறப்பு நேர அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். அது இல்லாத மலிவு இன்ஜெக்டரை வாங்கவே வாங்காதீர்கள்.

ஸ்பார்க் பிளக்கின் இடைவெளியைப் பூஸ்ட்டுக்காகக் குறைப்பது சரியே. ஆனால் அளவுக்கு மீறிக் குறைத்தாலும், தேவைக்கு மேல் குளிர்ந்த, அதாவது சூட்டை விரைவாக வெளியேற்றும், பிளக் போட்டாலும், நெரிசலில் நெடுநேரம் நிற்கும்போது கரி படிந்து பற்றாமல் போகும். பிளக்கைக் கழற்றிப் பார்த்தாலே தெரிந்துவிடும். ரோன்95க்குப் பதில் ரோன்97 ஊற்றினால் உதறல் நிற்கும் என்று நம்புகிறவர்களுக்கு ஒரு சொல்: பூஸ்ட்டில் நாக்கிங் (பெட்ரோல் கட்டுப்பாடின்றி வெடித்து எரிவது) வராமல் காக்க உயர்ந்த ஆக்டேன் தேவை, அதில் சிக்கனம் வேண்டாம். ஐட்லிங் உதறலுக்கு அது மருந்தல்ல.

செக் இன்ஜின் விளக்கு தொடர்ந்து எரிந்தால் பட்டறைக்கு ஓட்டி வரலாம். விட்டுவிட்டுக் கண்சிமிட்டினால் எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய்க்கொண்டிருக்கிறது. ஓரமாக நிறுத்தி இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள். ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) அனுமதி பற்றிய பேச்சை வேலை முடிந்த பிறகு அல்ல, கிட் வாங்குவதற்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள்.

வண்டியைத் திரும்ப வாங்கும்போது டைனோ தாளோடு நிறைவடைய வேண்டாம். குளிர்ந்த இன்ஜினை உங்கள் முன்னால் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். பிறகு அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து, ஏர்கான் போட்டு, டி கியரில் பிரேக் பிடித்து நிறுத்தி, ஆர்பிஎம், ஃபியூவல் டிரிம், மின்னழுத்தம் மூன்றையும் ஸ்கேனரில் பதிவு செய்து அந்தக் கோப்பைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். அதைத் தர மறுக்கும் பட்டறைக்கு மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.