நற்செய்தி அறிவிப்பா, பரப்புரையா?

“இன்றைய உலகில் நற்செய்திப் பரப்புரை” என்னும் தலைப்பை அழைப்பிதழ்களிலும் மொழிபெயர்ப்புகளிலும் கண்டு கண்டு சலித்த பின்னரே இதை எழுதுகிறேன். இயேசுவின் நற்செய்தியை அறிவிப்பதைக் குறிக்கும் ‘இவாஞ்சலைசேஷன்’ என்பதற்குப் பரப்புரை ஒருபோதும் ஈடாகாது.

மூலம் ‘எவாங்கேலியோன்’ என்னும் கிரேக்கச் சொல்: ‘எவ்’ என்றால் நல்ல, ‘ஆங்கெலியா’ என்றால் செய்தி. ஹோமரிடத்தில் அது நல்ல செய்தி கொணர்ந்தவனுக்குத் தரும் பரிசைக் குறித்தது. செய்தியையே குறிக்கலானது பின்னர். தமிழில் சுவிசேஷம், நற்செய்தி என இரு வழக்குகள் உண்டு. “என்ன விசேஷம்?” என்று நாம் கேட்பதும் செய்தியைத்தான் என்பதால் முன்னதைப் பழிக்க மாட்டேன். எனினும் நற்செய்தி என்பது கேட்டவுடன் விளங்குகிறது.

பரப்புரையை ஆதரிப்போர் ஒரு வரலாற்றுச் சான்று காட்டுவர். 1622இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி நிறுவிய பேராயத்தின் (வத்திக்கான் ஆட்சித்துறை ஒன்றின்) பெயரிலேயே ‘புரொப்பகாந்தா’ இருந்தது, இன்று அரசியலில் புழங்கும் சொல் அதிலிருந்தே பிறந்தது, ஆகவே திருச்சபை தன் சொல்லைத் திரும்பப் பெறுவதில் தவறென்ன என்பது அவர்கள் வாதம். சாமர்த்தியமான வாதந்தான், ஆனால் அப்பெயருக்கு மூலமான இலத்தீன் வினை தோட்டக்காரர்களின் சொல் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். கொடியை வளைத்து மண்ணில் புதைத்து வேர்விடச் செய்வதை, அதாவது நாம் பதியம் போடுதல் என்பதையே, அது குறித்தது. பதியத்திற்கு வேர் பிடிக்கும் வரை காத்திருக்க வேண்டும். பரப்புரையோ வாக்குப்பதிவுக்கு முன்பே ஓய்ந்துவிடும். அந்தப் பேராயமும் 1967இல் மக்களினங்களுக்கு நற்செய்தி அறிவிக்கும் பேராயம் என்னும் பெயரை ஏற்றுக்கொண்டது. இக்கால மனிதர் போதகர்களைவிடச் சாட்சிகளுக்கே செவிசாய்க்கின்றனர் என்று திருத்தந்தை ஆறாம் பவுல் 1975இல் எழுதினார். தான் சொல்வதை வாழ்ந்து காட்ட வேண்டிய கடமை பரப்புரையாளருக்கு இல்லை; அறிவிப்பவருக்கு உண்டு.

‘மிஷன்’ என்பதற்குப் பழகிப்போன ‘மறைபரப்பு’ என்பதிலும் எனக்கு முழு நிறைவில்லை. ‘மிஷன்’ என்பதன் வேர்ப்பொருள் அனுப்புதல். அதில் பரப்புதலே இல்லை. அப்போஸ்தலரைத் திருத்தூதர் என்று அழகாகப் பெயர்த்த நமக்கு, அவர்கள் செய்ததைத் தூதுப்பணி என்று சொல்ல ஏனோ மனம் வரவில்லை. தூதுரைப்பார்க்கு அன்பும் அறிவும் ஆராய்ந்த சொல்வன்மையும் இன்றியமையாதவை என்றும், அவற்றுள் அன்பே முதலில் என்றும் வரிசைப்படுத்திய குறள் நம்மிடம் இருக்கிறது. அனுப்பியவர் ஒருவர் உண்டு, செய்தி தூதருடையதன்று என்ற இரண்டும் அந்த ஒரு சொல்லிலேயே அடங்கிவிடுகின்றன.

மொழிபெயர்ப்பாளர்களிடம் என் மனத்தாங்கல் இதுதான்: அகராதியில் முதலில் கிடைத்ததை எடுத்துக்கொள்கிறார்கள், அடுத்த பத்தியில் அச்சொல் என்ன ஆகும் என்று பார்ப்பதில்லை. மதத்திற்கு ஆள்பிடிக்கும் ‘புரோசலிட்டிசம்’ வேறு, நற்செய்தி அறிவிப்பு வேறு. முன்னதற்கு ‘ஆள்சேர்ப்பு’ பொருந்தும். திருச்சபை வளர்வது ஆள்சேர்ப்பினால் அன்று, ஈர்ப்பினாலேயே என்று திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2007இல் சொன்னதைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2013இல், நற்செய்தி அறிவிப்புக்கு அழைப்பு விடுத்த அதே மடலில், எடுத்தாண்டார். இரண்டையும் பரப்புரை என்றே எழுதினால், அம்மடல் ஓர் இடத்தில் வேண்டுவதை மற்றோர் இடத்தில் தானே மறுப்பதாக ஆகிவிடும்.