பொலிஷ், வக்ஸ்: மெருகும் மெழுகும்

கொழும்பு பஞ்சிகாவத்தையில் வாகனச் சாமான் விற்கும் கடையொன்றில் "காருக்கு ஒரு பொலிஷ் தாங்கோ" என்று கேட்டேன். கடைக்காரர் உடனே எடுத்துத் தரவில்லை. "அண்ணை, கீறல் எடுக்கவோ, இல்லாட்டி கழுவின பிறகு மேலால பூசவோ?" என்று கேட்டார். பொலிஷ், வக்ஸ் என்ற இரண்டு சொற்களின் வித்தியாசம் முழுவதும் அந்தக் கேள்வியில் இருக்கிறது.

பொலிஷ் என்பது லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். மூலச்சொல்லான 'பொலீரே'க்கு வழவழப்பாக்குதல் என்று பொருள். பணிவானவரைக் குறிக்கும் 'பொலைட்' என்ற சொல்லும் அதே வேரில் முளைத்ததுதான். கார் பொலிஷும் அந்த மூலப்பொருளுக்கு உண்மையாகவே இருக்கிறது. அது நுண்ணிய அராவும் துகள்கள் கலந்த பசை. நிறத்துக்கு மேலே இருக்கும் கண்ணாடி போன்ற பூச்சை இம்மியளவு தேய்த்தெடுத்து மட்டமாக்குகிறது. மெல்லிய கீறல்கள் அதோடு போய்விடும். அந்தப் பூச்சின் தடிப்போ பெரும்பாலும் 40, 50 மைக்ரோன்தான், சாதாரண அச்சுக் கடதாசியில் ஏறக்குறைய பாதி. தேய்ந்தது திரும்ப வராது. அதனால் மாதாமாதம் பொலிஷ் போடுவது காருக்குச் செய்யும் கெடுதல்.

வக்ஸ் ஜெர்மானிய மொழிக் குடும்பத்தின் பழஞ்சொல். முதலில் தேன்மெழுகைக் குறித்தது. இன்று காருக்கு வரும் வக்ஸில் பேர்பெற்றது கார்னோபா. பிரேசிலில் வளரும் ஒருவகைப் பனையின் ஓலையில் படிவது. தேன்மெழுகு 60 பாகை செல்சியஸைத் தாண்டியதும் உருகத் தொடங்கும். கார்னோபா 80 பாகை தாண்டும்வரை நிற்கும். வெயிலில் நிற்கும் வாகனத்துக்கு அது பெரிய குணம்.

சரி, நமக்கு ஏன் இந்தக் குழப்பம்? நம் வீடுகளில் பொலிஷ் என்றாலே மெழுகுதான். சப்பாத்துப் பொலிஷ் மெழுகுப் பசை. சிவப்புச் சீமெந்துத் தரைக்குப் பூசி, பாதியாக வெட்டிய தேங்காய் மட்டையைக் காலால் அழுத்தித் தேய்த்தோமே, அந்தப் பொலிஷும் மெழுகுதான். அந்தப் பழக்கத்தோடு கார்க் கடைக்குப் போனால், பூசுவதற்கு என்று நினைத்துத் தேய்ப்பதை வாங்கி வருவோம்.

தமிழில் இந்தச் சிக்கலே இல்லை. தேய்த்து வருவது மெருகு. 'மெருகு குலையாத நகை' என்கிறோம். தட்டார் அதைப் பூசிக் கொண்டுவருவதில்லை, தேய்த்துத்தான் கொண்டுவருகிறார். பூசுவது மெழுகு. சாணத்தால் தரை மெழுகுதலும் இதே சொல்தான். அப்பர் தேவாரத்தில் கோயில் தரைக்கு இடுவது 'மெழுக்கு'. ஆகவே பொலிஷுக்கு மெருகுப்பசை, வக்ஸுக்கு மெழுகு என்பதே என் தெரிவு. 'மினுக்கம்' நல்ல சொல் என்றாலும் இரண்டாலும் மினுக்கம் வரும் என்பதால் அது பிரித்துக் காட்டாது. அகராதியில் மெருகு முன்னும் மெழுகு பின்னும் வருகின்றன. வேலையின் ஒழுங்கும் அதுவே. கீறலை விட்டுவிட்டு மெழுகை மட்டும் போட்டால், 'பூசி மெழுகுதல்' என்று நாம் சொல்வது அப்படியே நடக்கும்: சில நாள் மறையும், அப்புறம் வெயிலில் தெரியும்.

வெள்ளவத்தையில் கடலோரம் கார் நிறுத்துபவர்களுக்கு மெழுகு கட்டாயம் வேண்டும். உப்புக்காற்று ஓயாது, வெயிலும் கடுமை. ஆகவே கார்னோபா ஒன்றிரண்டு மாதம் நின்றால் போதும் என்று வைத்துக்கொள்ளலாம். கழுவி, ஈரம் துடைத்து, நிழலில், உடல் தகடு குளிர்ந்த பிறகு மெல்லியதாகப் பூச வேண்டும். தடிப்பாகப் பூசினால் துடைத்தெடுப்பதுதான் பாடு. கறுப்புப் பிளாஸ்டிக்கில் பட்டால் வெள்ளையாகப் படிந்துவிடும். பேணியில் 'கிளீனர் வக்ஸ்' என்று இருந்தால் அதில் அராவும் பொருளும் சேர்ந்திருக்கக்கூடும்; புதுக் காருக்கு அது தேவையில்லை.

எப்போது மறுபடி பூசுவது? மழை பெய்ததும் பொனெற்றைப் பாருங்கள். சேம்பிலையில் போல நீர் உருண்டு நின்றால் மெழுகு இருக்கிறது. இலையில் நீரை உருட்டுவதும் இலையின் மெழுகுதான். நீர் பரந்து படிந்து கிடந்தால் மெழுகுப் பேணியை எடுக்கலாம். மெருகுப்பசை அலுமாரியிலேயே இருக்கட்டும்.