உராய்வு வேறு, சொரசொரப்பு வேறு

ஈரோடு பகுதிக்குப் பாசனம் தரும் கீழ்பவானி வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடுவதா, மண் வாய்க்காலாகவே விடுவதா என்ற வாதம் கிளம்பியதிலிருந்து 'உராய்வுக் கெழு' என்ற சொல் காதில் விழாத நாளில்லை. கான்கிரீட் போட்டால் உராய்வுக் கெழு குறையும், தண்ணீர் சீக்கிரம் கடைமடைக்குப் போய்ச் சேரும் என்கிறார்கள். அவர்கள் சொல்ல வருவது மேனிங் சூத்திரத்தில் 'என்' என்று குறிக்கும் எண்ணை. வாய்க்காலில் தண்ணீர் ஓடும் வேகத்தைக் கணக்கிட அயர்லாந்துப் பொறியாளர் ராபர்ட் மேனிங் 1889இல் முன்வைத்த சூத்திரம் அது. அந்த எண் காட்டுவது ரஃப்னஸை. ரஃப்னஸ் என்றால் சொரசொரப்பு, உராய்வு அல்ல.

சொற்பிறப்பில் பெரிய சிக்கல் இல்லை. ரஃப் பழைய ஆங்கிலச் சொல்; மயிரடர்ந்த, பண்படுத்தாத என்ற பொருள்களும் அதற்கு உண்டு. சொரசொரப்பு 'சொரசொர' என்ற இரட்டைக்கிளவியில் பிறந்தது, வழவழப்புக்கு எதிர். உராய்தலோ வினை. அதற்கு இரண்டு பொருள்கள் வேண்டும், ஒன்றாவது நகர வேண்டும். மதகை அடைத்த பிறகு வாய்க்காலில் இறங்கித் தரையைத் தடவிப் பாருங்கள். சரளையும் காய்ந்த பாசியும் கையில் நெருடும். சொரசொரப்பு அங்கேயே கிடக்கிறது. உராய்வு தண்ணீரோடு போய்விட்டது.

'இரண்டும் ஒன்றுதானே, சொரசொரப்பாக இருந்தால் உராய்வு கூடத்தானே செய்யும்' என்பார்கள். இங்கேதான் நீரோட்டத்தை ஆராய்ந்த பொறியாளர் நிக்குராட்சேயின் சோதனைகளைப் பார்க்க வேண்டும். ஜெர்மனியின் கோட்டிங்கனில் அவர் குழாய்களின் உட்புறத்தில் ஒரே அளவாகச் சலித்த மணலை ஒட்டித் தண்ணீரை ஓடவிட்டு அளந்தார், 1933இல் வெளியிட்டார். தண்ணீர் சலனமின்றி அடுக்கடுக்காக நகரும்போது மணல் பெரிதானாலும் சிறிதானாலும் உராய்வு இழப்பு மாறவில்லை. வேகம் கூடிக் கலங்கி ஓடும்போதுதான் மணல் தன் வேலையைக் காட்டியது. அதற்காக, மணலே ஒட்டாத வழவழப்பான குழாயில் உராய்வு இல்லாமல் போய்விடாது. போர்வெல்லுக்குப் பிவிசி குழாய் வாங்கப் போனால் 'உள்ளே கண்ணாடி மாதிரி, உராய்வே கிடையாது' என்று விற்கிறார்கள். வழவழப்பு என்ற அளவில் சரி, உராய்வே கிடையாது என்பது தவறு.

1944இல் லூயிஸ் மூடி என்ற அமெரிக்கப் பொறியாளர் வெளியிட்ட வரைபடத்தைக் குழாய்க் கணக்குப் போடுகிறவர்கள் எல்லோரும் அறிவார்கள். இடப்பக்க அச்சில் உராய்வுக் காரணி, வலப்பக்க அச்சில் குழாய் விட்டத்தோடு ஒப்பிட்ட சொரசொரப்பு. இரண்டையும் உராய்வு என்றே மொழிபெயர்த்துவிட்டால் மாணவன் எந்த அச்சில் தொடங்கி எந்த அச்சில் முடிப்பான்?

வாய்க்காலுக்கே வருவோம். ஒரே சரிவு, ஒரே குறுக்குவெட்டு, ஒரே ஆழத்தில் சீராக ஓடும் மண் வாய்க்கால் ஒன்று, கான்கிரீட் வாய்க்கால் ஒன்று. தண்ணீரைச் சரிவில் இழுப்பது அதன் எடை; மேலும் மேலும் வேகம் பிடிக்காமல் தடுப்பது தரையிலும் கரையிலும் ஏற்படும் உராய்வு. எடை இரண்டிலும் ஒன்று என்றால் அதைச் சமன் செய்யும் உராய்வு விசையும் ஒன்றுதான். மாறுவது வேகம். மேனிங்கின் 'என்' மண்ணுக்கு 0.025, கான்கிரீட்டுக்கு 0.015 என்று வைத்தால், நொடிக்கு 60 செ.மீ. போன தண்ணீர் 1 மீட்டர் போகும். ஆக, கான்கிரீட்டால் குறைந்தது சொரசொரப்பு. உராய்வு குறைந்தது என்று எழுதினால் அது சொற்குற்றம் மட்டுமல்ல, பொருட்குற்றமும்கூட.

'கரடுமுரடுக் கெழு' என்று எழுதுகிறவர்கள் 'உராய்வுக் கெழு' என்பவர்களைவிடத் தேவலாம். ஆனால் கொங்கு நாட்டில் கரடு என்றால் பாறைக் குன்று. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த மணல் துகளுக்கு அந்தச் சொல் எதற்கு? தூய பழஞ்சொல்தான் வேண்டும் என்றால் அதுவும் இருக்கிறது. பெருந்துறைப் பக்கத்துச் சீனாபுரத்தவர் என்று நம் பகுதியில் சொல்லும் பவணந்தியார் நன்னூலில் 'ஊறு எட்டு' என்கிறார். தொட்டறியும் அந்த எட்டை உரைகாரர்கள் விரிக்கும்போது 'சருச்சரை' என்று ஒன்றைச் சொல்கிறார்கள். சொரசொரப்பேதான் அது. எனக்கு அந்தச் சொல் மிகவும் பிடிக்கும். ஆனாலும் மதகடியில் நிற்கும் விவசாயிக்குச் சட்டென்று புரிவது சொரசொரப்புதான், அதனால் அதையே ஏற்கிறேன்.

இப்போது மொழிபெயர்ப்பவர்கள் அகராதியில் கிடைக்கும் பக்கத்துச் சொல்லைப் பிடித்துப் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். சூத்திரத்தில் அந்த எண் என்ன வேலை செய்கிறது என்று பார்ப்பதில்லை. பாசனத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் மேனிங்கின் எண்ணைச் சொரசொரப்புக் கெழு என்றும், மூடி வரைபடத்தின் வலப்பக்கத்தைச் சார்பு சொரசொரப்பு என்றும், இடப்பக்கத்தை மட்டும் உராய்வுக் காரணி என்றும் எழுதட்டும்.